புது எபிசோடு வந்ததும் தானாக டவுன்லோடு ஆகும் ஸ்கிரிப்ட்: எப்படி வேலை செய்கிறது, எது வரை சட்டப்படி சரி?

செம்பூரில் ஹார்பர் லைன் ரயில் பிடித்து, வாஷியில் இறங்கி, தாணே வண்டிக்கு மாறி, துர்பே தாண்டி கோபர்கைரனேயில் இறங்குகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். காதில் இயர்போன், கையில் மொபைல், திரையில் நிற்காமல் சுற்றும் ஒரு வட்டம். நேற்று ராத்திரி வெளியான எபிசோடு, மான்கூர்டு தாண்டி ரயில் பாலத்தில் ஏறும் நேரம் பார்த்து உறைந்துபோய் நிற்கும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தியாவுக்கு மலிவு விலையில் மொபைலையும் டேட்டாவையும் கொடுத்த இடமே இதுதான். 2003-ல் முன்பணம் 501 ரூபாய் கட்டினால் மொபைல் என்று ஊரைக் கலக்கிய ரிலையன்ஸ் இன்ஃபோகாமுக்காக எழுந்த திருபாய் அம்பானி நாலெட்ஜ் சிட்டி கோபர்கைரனேயில் இருக்கிறது. ஒரு ஸ்டேஷன் தள்ளி, கன்சோலியில் ஜியோவின் வளாகம். அவ்வளவு பக்கத்தில் ரயிலில் போகும்போதும் எபிசோடு நின்று நின்றுதான் ஓடுகிறது.

இதைப் பார்த்துவிட்டு ஆபீஸில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "ஒரு ஸ்கிரிப்ட் எழுதிப் போட்டா முடிஞ்சது. ராத்திரி தானா இறங்கிடும், காலைல கேட்டுட்டே போகலாம்." அவர் சொல்வது சரிதான். ஆனால் அந்த ஸ்கிரிப்ட் எந்தக் கதவைத் தட்டுகிறது என்பதைப் பொறுத்து, அது ஒரு சாதாரண வசதியாகவும் இருக்கலாம், ஜெயில் தண்டனை உள்ள குற்றமாகவும் மாறலாம். எழுதும் வரிகள் கிட்டத்தட்ட ஒன்றேதான்.

அந்த ஸ்கிரிப்ட் உண்மையில் என்ன செய்கிறது?

பழைய தலைமுறை வீடுகளில் பைண்டு செய்த தொடர்கதைப் புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள். 1950-ல் 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடராக வரத் தொடங்கியபோது, வாரா வாரம் அந்தப் பக்கங்களைக் கிழித்து வைத்து, கடைசியில் பைண்டிங் கடையில் கொடுத்துக் கெட்டி அட்டை போட்டு வாங்கிய வீடுகள் ஏராளம். பேப்பர்காரர் இதழைப் போட்டுவிட்டுப் போவார். பாட்டி முதலில் எந்த அத்தியாயம் வந்திருக்கிறது என்று பார்ப்பார். தன்னிடம் இல்லாததாக இருந்தால் வெட்டி எடுத்து அடுக்கில் சேர்ப்பார். ஏற்கனவே இருந்தால் தொடமாட்டார்.

ஸ்கிரிப்ட் செய்வதும் இந்த மூன்றுதான். பட்டியலைப் பார்ப்பது, தன்னிடம் இல்லாததை அடையாளம் காண்பது, அதை மட்டும் எடுத்து வைப்பது.

பாட்காஸ்ட் உலகில் அந்தப் பட்டியலுக்குப் பெயர் ஆர்எஸ்எஸ் ஃபீட். வெறும் டெக்ஸ்ட் ஃபைல்தான், எக்ஸ்எம்எல் என்ற வடிவத்தில் இருக்கும். ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு பகுதி: தலைப்பு, வெளியான தேதி, 'ஜியுஐடி' எனப்படும் தனி அடையாள எண், பிறகு 'என்குளோஷர்' என்ற ஒரு வரி. ஆடியோ ஃபைலின் முகவரி, அதன் அளவு, அது எம்பி3-யா வேறு ஏதாவதா என்ற விவரம் எல்லாம் அந்த ஒரு வரியில் இருக்கும். புது எபிசோடு வெளியிடும்போது தயாரிப்பாளர் இந்தப் பட்டியலில் ஒரு பகுதியைக் கூட்டுகிறார். அவ்வளவுதான் மேட்டர். உங்கள் ஆப்பும் இதைத்தான் படிக்கிறது, உங்கள் ஸ்கிரிப்டும் இதைத்தான் படிக்கும்.

பைத்தான் தெரிந்தவர் இதை முப்பது வரிக்குள் எழுதிவிடலாம். லினக்ஸிலும் மேக்கிலும் 'கிரான்', விண்டோஸில் 'டாஸ்க் ஷெட்யூலர்', ஆண்ட்ராய்டு மொபைலில் 'டெர்மக்ஸ்' என்ற ஆப். குறித்த நேரத்தில் அதை எழுப்பிவிட இவை போதும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

மெதுவான இன்டர்நெட்டிலிருந்து. 2000-ம் ஆண்டு வாக்கில், எம்டிவி தொகுப்பாளராக இருந்த ஆடம் கரி, ஆர்எஸ்எஸ் வடிவத்தை வளர்த்துக்கொண்டிருந்த டேவ் வைனரிடம் ஒரு யோசனை சொன்னார். வீடியோ, ஆடியோவை கிளிக் செய்துவிட்டுக் காத்திருப்பதுதான் எரிச்சல். கம்ப்யூட்டர் ராத்திரி முழுக்க சும்மாதானே கிடக்கிறது? அந்த நேரத்தில் அதுவே இறக்கி வைத்துவிட்டால், காலையில் கிளிக் செய்தவுடன் ஓடும். காத்திருப்பு இருந்தது, ஆனால் நாம் தூங்கும்போது முடிந்துவிட்டது.

வைனர் 2000 டிசம்பரில் ஆர்எஸ்எஸ்ஸில் என்குளோஷரைச் சேர்த்தார். 2003 அக்டோபரில் கெவின் மார்க்ஸ் என்ற இன்ஜினியர், ஃபீடில் வரும் ஆடியோவை எடுத்து ஐபாடில் ஏற்றும் ஸ்கிரிப்டை ஒரு மாநாட்டில் காட்டினார். 2004-ல் கரியே ஆப்பிள்ஸ்கிரிப்ட்டில் 'ஐபாடர்' என்று ஒன்றை எழுதினார். அடுத்த வருடம் ஜூனில் ஆப்பிள் அந்த வேலையை ஐட்யூன்ஸுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. ஆக, நம் ஆபீஸ் நண்பர் சொல்லும் ஸ்கிரிப்ட்தான் பாட்காஸ்ட் என்ற துறையையே தொடங்கி வைத்தது. தானாக டவுன்லோடு செய்வது இங்கே குறுக்கு வழி அல்ல. ஃபீடே அதற்காக உருவானதுதான்.

எழுதும்போது எங்கே சறுக்கும்?

டவுன்லோடு செய்வது சுலபம். எதையெல்லாம் ஏற்கனவே எடுத்தாயிற்று என்று சரியாக ஞாபகம் வைப்பதுதான் கஷ்டம். பெரும்பாலான ஸ்கிரிப்டுகள் சொதப்புவது இங்கேதான்.

தலைப்பை வைத்து ஞாபகம் வைக்காதீர்கள். வெளியிட்ட பிறகு தலைப்பில் எழுத்துப்பிழையைத் திருத்துவார்கள், 'பாகம் 1' என்று சேர்ப்பார்கள். ஸ்கிரிப்டுக்கு அது புது எபிசோடு. ஆடியோ லிங்கை வைத்தும் ஞாபகம் வைக்காதீர்கள். பல லிங்குகளின் வாலில் கேள்விக்குறிக்குப் பிறகு வரும் எழுத்துகள் ஒவ்வொரு முறையும் மாறும். ஜியுஐடி இருப்பதே இதற்காகத்தான். அதை ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலில் வரிக்கு ஒன்றாக எழுதி வைத்தால் போதும், டேட்டாபேஸ் எல்லாம் தேவையில்லை.

முதல் ஓட்டத்தில் உஷாராக இருங்கள். ஸ்கிரிப்டிடம் இன்னும் ஒரு ஞாபகமும் இல்லை, ஃபீடில் இருக்கும் எல்லாமே அதற்குப் புதிது. 128 கேபிபிஎஸ் தரத்தில் ஒரு மணி நேர ஆடியோ சுமார் 58 எம்பி. 300 எபிசோடு உள்ள ஷோ என்றால் 17 ஜிபிக்கு மேல். நான் முதன்முதலில் எழுதியதை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓடவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் அன்றைய டேட்டா கோட்டா காலி என்று மெசேஜ் வந்திருந்தது. முதல் தடவை எதையும் இறக்காமல், ஃபீடில் இருக்கும் எல்லா ஜியுஐடியையும் 'பார்த்தாயிற்று' பட்டியலில் சேர்த்துவிட்டு, கடைசி ஒன்றிரண்டை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, எப்போது 'எடுத்தாயிற்று' என்று குறிப்பது? டவுன்லோடு தொடங்கும்போது குறித்துவிட்டால், பாதியில் நெட் போனாலும் அந்த எபிசோடு முடிந்த கணக்கு. அரை எபிசோடு உங்கள் ஃபோல்டரில் கிடக்கும், ஸ்கிரிப்ட் அதை மறுபடி தொடவே தொடாது. தற்காலிகப் பெயரில் இறக்கி, முழு அளவும் வந்துவிட்டதா என்று பார்த்து, பிறகு பெயரை மாற்றி, அதற்குப் பிறகுதான் பட்டியலில் எழுத வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது.

தமிழ் ஷோ கேட்பவர்களுக்கு மட்டும் வரும் ஒரு தலைவலியும் உண்டு. எபிசோடு தலைப்பையே ஃபைல் பெயராக வைப்போம் அல்லவா? லினக்ஸில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், கொம்பும் புள்ளியும் தனிக் குறியீடுகள். 'தமிழ்' என்ற மூன்று எழுத்துச் சொல்லே 15 பைட் சாப்பிடும். நம்மூர் எபிசோடு தலைப்புகள் பாதி செய்தியைத் தலைப்பிலேயே சொல்லிவிடும் ரகம். எண்பத்தைந்து குறியீட்டில் இடம் தீர்ந்துவிடும், ஸ்கிரிப்ட் பிழை காட்டி நிற்கும். விண்டோஸில் வேறு மாதிரி: தலைப்பில் கேள்விக்குறி, முக்காற்புள்ளி இருந்தால் ஃபைலை உருவாக்கவே விடாது. தேதியை முன்னால் போட்டு, தலைப்பில் முதல் சில சொற்களை மட்டும் வைத்து, குறிகளை நீக்கிவிடுவது நல்லது. தேதி முன்னால் இருந்தால் ஃபோல்டரும் தானாக வரிசைப்படும்.

ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லலாமா?

வேண்டாம். வாரம் ஒருமுறை வரும் ஷோவுக்கு நாளைக்கு ஒரு தடவை, தினசரி ஷோவுக்கு இரண்டு மூன்று தடவை போதும். எல்லோரும் சரியாக மணியடிக்கும்போது ஓட வைப்பார்கள். நீங்கள் 11:00 என்பதற்குப் பதில் 11:17 என்று வையுங்கள், சர்வருக்கு நிம்மதி. 'போன தடவைக்குப் பிறகு ஏதாவது மாறியிருந்தால் மட்டும் அனுப்பு' என்று கேட்கும் வசதியும் இருக்கிறது. முந்தைய பதிலில் வந்த 'ஈடேக்' என்ற அடையாளத்தைத் திருப்பி அனுப்பினால், மாற்றம் இல்லாதபோது சர்வர் 304 என்ற எண்ணை மட்டும் அனுப்பிவிடும், முழு ஃபீடும் வராது.

இது மரியாதை விஷயம் மட்டுமல்ல. பாட்காஸ்ட் தயாரிப்பவர்களுக்கு விளம்பரப் பணம் பெரும்பாலும் டவுன்லோடு எண்ணிக்கையை வைத்து வருகிறது. 2023 செப்டம்பரில் ஐஓஎஸ் 17 வந்தபோது, ஒருவர் கேட்பதை நிறுத்திய ஷோக்களைத் தொடர்ந்து தானாக இறக்கும் பழக்கத்தை ஆப்பிள் குறைத்தது. பெரிய பாட்காஸ்ட் நிறுவனங்களின் எண்ணிக்கை சட்டென இறங்கியது. அதுவரை கணக்கில் இருந்த டவுன்லோடுகளில் ஒரு பகுதி, யாரும் கேட்காமல் மொபைலில் கிடந்தவைதான். உங்கள் ஸ்கிரிப்டும் அதையே செய்யும். மூன்று எபிசோடு கேட்காமல் கிடந்தால் அந்த ஷோவை நிறுத்தி வைக்கும் ஒரு வரியைச் சேர்ப்பது, உங்கள் மெமரிக்கும் அவர்கள் கணக்குக்கும் நல்லது.

யூடியூபில் வரும் ஷோக்களை?

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. தமிழில் தொடர்ந்து வரும் நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி யூடியூபில்தான் இருக்கிறது. விகடனின் 'தி இம்பர்ஃபெக்ட் ஷோ' மாதிரி தினசரி அரசியல் ஷோவாகட்டும், சினிமா பேட்டியாகட்டும், முதலில் தேடுவது அங்கேதான்.

யூடியூப் சேனல்களுக்கும் ஆர்எஸ்எஸ் ஃபீட் உண்டு, பலருக்கும் தெரியாது. கடைசி 15 வீடியோக்களின் தலைப்பும் லிங்கும் அதில் இருக்கும். ஆனால் என்குளோஷர் இருக்காது. 'புதுசு வந்திருக்கு' என்று சொல்லும், 'எடுத்துக்கொள்' என்று சொல்லாது. இந்தச் சின்ன வித்தியாசம்தான் எல்லாமே. யூடியூபின் விதிமுறைகள், அவர்களே கொடுக்கும் டவுன்லோடு வசதி அல்லது எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வீடியோவை இறக்குவதைத் தடை செய்கின்றன. இதை மீறுவது முதலில் நீங்கள் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தை மீறுவது. கணக்கு முடக்கப்படலாம்.

இருந்தும் இதற்கான கருவிகள் வெளிப்படையாகவே இருக்கின்றன. 'யூடியூப்-டிஎல்' 2006-ல் ரிக்கார்டோ கார்சியா என்ற ஸ்பெயின்காரர் எழுதியது. அவர் வீட்டில் அப்போது டயல்-அப் இணைப்பு. வீடியோ தடையில்லாமல் ஓட வேண்டுமானால் முதலில் இறக்கி வைத்தாக வேண்டும். நம் ரயில் கதையேதான். 2020 அக்டோபர் 23 அன்று அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கமான ஆர்ஐஏஏ நோட்டீஸ் அனுப்பியதும், கிட்ஹப் அதை நீக்கியது. கருவியைச் சோதிப்பதற்கான வரிகளில் பிரபல பாடல் வீடியோக்களின் லிங்குகள் இருந்ததும் புகாரில் ஒரு காரணம். டெவலப்பர்கள் கொந்தளித்தார்கள். டிஜிட்டல் உரிமை அமைப்பான இஎஃப்எஃப் சட்டக் கடிதம் எழுதியது. நவம்பர் 16 அன்று கிட்ஹப் அதைத் திரும்ப வைத்ததோடு, இப்படி நோட்டீஸ் வாங்கும் டெவலப்பர்களுக்காக 10 லட்சம் டாலர் நிதியும் அறிவித்தது.

இப்போது அதிகம் பயன்படுவது அதிலிருந்து பிரிந்த 'ஒய்டி-டிஎல்பி'. எதை எடுத்தாயிற்று என்று ஒரு ஃபைலில் குறித்து வைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது, பாட்டி வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும். கருவி கிட்ஹப்பில் திரும்ப வந்ததால், அதை வைத்து எதையும் இறக்கலாம் என்று அர்த்தமில்லை. சொந்த சேனலின் வீடியோக்களை எடுத்து வைப்பவருக்கும், அடுத்தவர் சேனலை மொத்தமாக இறக்கி வேறு பெயரில் மறுபடி ஏற்றுபவருக்கும் கருவி ஒன்றுதான்.

என் யோசனை: சேனல் ஃபீடைப் படித்து 'புது எபிசோடு வந்தாச்சு' என்று அறிவிப்பு அனுப்பும் வரை ஸ்கிரிப்டிடம் விடுங்கள். இறக்குவதை யூடியூப் ஆப்பிடமே விட்டுவிடுங்கள்.

ஓடிடி ஷோக்களை ஸ்கிரிப்ட் வைத்து இறக்கினால்?

இது பூட்டிய கதவு. நெட்ஃபிளிக்ஸ், பிரைம், ஜியோஹாட்ஸ்டார் எல்லாம் வீடியோவைக் குறியாக்கம் செய்து, கூகுளின் வைட்வைன் போன்ற பூட்டுடன்தான் அனுப்புகின்றன. சாவி ஆப்புக்குள் மட்டும் இருக்கும். நீங்கள் மாதச் சந்தா கட்டுகிறவராக இருந்தாலும், பூட்டை உடைத்தால் கணக்கு வேறு. 2012 திருத்தத்தில் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு இதைத் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. உரிமையை மீறும் நோக்கத்துடன் தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

"ஆப்லயே டவுன்லோடு பட்டன் இருக்கே, அப்புறம் என்ன?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது இரவல். நெட்ஃபிளிக்ஸில் இறக்கிய சில படங்களும் தொடர்களும் பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒருமுறையாவது ஆன்லைன் வர வேண்டும். சந்தா முடிந்தால் எல்லாம் போச்சு.

சந்தா கட்டியிருந்தாலும் ஷோ காணாமல் போகலாம் என்பதை 2023-ல் இந்திய ரசிகர்கள் அனுபவித்தார்கள். எச்பிஓவின் 'சக்ஸஷன்' கடைசி சீசன் அந்த மார்ச் கடைசி வாரம் தொடங்கியது. முதல் எபிசோடு டிஸ்னி+ ஹாட்ஸ்டாரில் வந்தது. மார்ச் 31-உடன் ஹாட்ஸ்டாருக்கும் எச்பிஓவுக்குமான ஒப்பந்தம் முடிந்தது, ஷோ நடுவிலேயே அங்கிருந்து மறைந்தது. வருடச் சந்தா கட்டியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். மே மாதம்தான் அது ஜியோசினிமாவில் வந்தது, அதற்குத் தனிச் சந்தா. பிறகு 2025 பிப்ரவரி 14 அன்று இரண்டு ஆப்பும் இணைந்து ஜியோஹாட்ஸ்டார் ஆகிவிட்டது.

அந்த ஒரு மாதக் கோபத்தில் டோரண்ட் பக்கம் போனவர்கள் எத்தனையோ பேர். கோபம் நியாயம்தான். ஆனால் அந்தக் கதவைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போவது நல்லது.

டோரண்ட்டில் என்ன வித்தியாசம்?

ஒரு தொடரின் பெயரைக் கொடுத்தால் புது எபிசோடு வந்ததும் டோரண்ட்டில் தேடி இறக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. 'ஸ்கிரிப்ட்' என்று ஆபீஸில் சிலர் சொல்வது இதைத்தான். டோரண்ட் எப்படி இயங்குகிறது தெரியுமா? நீங்கள் இறக்கும் ஒவ்வொரு துண்டையும், அதே நேரத்தில் மற்றவர்களுக்கு ஏற்றிக்கொண்டும் இருப்பீர்கள். அதாவது நீங்கள் வெறும் பார்வையாளர் இல்லை. விநியோகஸ்தர். ஸ்கிரிப்ட் தானாக ஓடுவதால், நீங்கள் தூங்கும்போதும் விநியோகம் நடக்கும்.

சட்டத்தில் இந்த வித்தியாசம் பெரியது. 2016-ல், 'டிஷூம்' படத்தைத் திருட்டுத்தனமாக வெளியிடும் இணையதளங்களை முடக்கக் கோரிய வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நடந்தது. முடக்கப்பட்ட பக்கங்களில் 'இதைப் பார்த்தாலே மூன்று வருட ஜெயில்' என்ற தொனியில் எச்சரிக்கை வந்து நாடே பதறிய சமயம் அது. பார்ப்பது குற்றமில்லை, அனுமதியின்றி விநியோகிப்பதும் பொதுவில் காட்டுவதும் விற்பதும் வாடகைக்கு விடுவதும்தான் குற்றம் என்று நீதிபதி கௌதம் படேல் விளக்கினார். எச்சரிக்கை வாசகமும் மாற்றப்பட்டது.

டோரண்ட் ஸ்கிரிப்ட் உங்களை அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் நிறுத்துகிறது என்று இப்போது புரிந்திருக்கும். தெரிந்தே காப்புரிமை மீறினால் 63-வது பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யாதபோது குறைந்தபட்சத் தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் 2022 மே மாதம் 'நிட் ப்ரோ' வழக்கில் உச்ச நீதிமன்றம், இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று சொல்லிவிட்டது.

ஆபீஸ் லேப்டாப்பில் ஓடவிடலாமா?

ஒரே வார்த்தையில்: கூடாது.

2017 ஆகஸ்டில் நடந்ததை மும்பை மீடியா, ஐடி ஆட்கள் இன்னும் மறக்கவில்லை. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ஏழாவது சீசனின் நான்காவது எபிசோடு, அமெரிக்காவில் ஒளிபரப்பாவதற்கு இரண்டு நாள் முன்பே நெட்டில் கசிந்தது. படத்தின் மேல் ஸ்டார் இந்தியாவின் வாட்டர்மார்க். ஹாட்ஸ்டாருக்காக எபிசோடுகளைக் கையாண்ட ஒரு மும்பை நிறுவனம் கொடுத்த புகாரின் பேரில், அதன் இந்நாள், முன்னாள் ஊழியர்கள் நான்கு பேரை மகாராஷ்டிரா சைபர் போலீஸ் கைது செய்தது. ஹேக்கிங் எல்லாம் இல்லை. வேலைக்காகக் கொடுத்த அணுகலைத் தவறாகப் பயன்படுத்தியதுதான் குற்றச்சாட்டு.

கோபர்கைரனே, மஹாபே, ரபாலே, ஐரோலி பக்கம் டேட்டா சென்டரிலும் சப்போர்ட்டிலும் வேலை பார்க்கும் பலருக்கு இரவு ஷிப்ட், கையில் அதிவேக நெட், சும்மா கிடக்கும் சர்வர். 'ஒரு கிரான் வரிதானே' என்று தோன்றும். பாட்காஸ்டாகவே இருந்தாலும் அது கம்பெனி நெட்வொர்க்கில் அனுமதியில்லாமல் ஓடும் புரோகிராம். வருட இறுதி அப்ரைசலுக்கு முன்னால் செக்யூரிட்டி டீமிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது யாருக்கும் நல்லதல்ல. இன்னொன்று: ஓடிடியிலிருந்து இறக்கித் தருவதாகச் சொல்லும் பல ஸ்கிரிப்டுகள் உங்கள் பிரவுசர் குக்கியைக் கேட்கும். குக்கியைக் கொடுப்பது, லாக்-இன் ஆன நிலையில் உங்கள் கணக்கைத் தூக்கிக் கொடுப்பதற்குச் சமம்.

அப்படியானால் ஸ்கிரிப்ட் யாருக்கு?

மொபைலில் மட்டும் கேட்பவர்களுக்குத் தேவையே இல்லை. ஆண்ட்ராய்டில் ஆன்டெனாபாட் இலவசம், விளம்பரம் இல்லை, ஓப்பன் சோர்ஸ். ஒவ்வொரு ஷோவுக்கும் தனித்தனியாக 'தானாக இறக்கு' என்று சொல்லலாம். ஐபோனில் ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் இதையே செய்கிறது.

காரில் பென்டிரைவ் போட்டுக் கேட்பவர், ஊரில் இருக்கும் அப்பாவுக்கு மெமரி கார்டில் மாதா மாதம் ஏற்றி அனுப்புபவர், வீட்டு ஹார்டு டிஸ்கில் ஒரு ஷோவை முழுசாகச் சேர்த்து வைக்க நினைப்பவர்: இவர்களுக்கு ஸ்கிரிப்ட்தான் வழி. சேர்த்து வைப்பதை லேசாக நினைக்காதீர்கள். 2024-ல் கூகுள் தன் பாட்காஸ்ட் ஆப்பையே மூடியது. வேறு ஆப்புக்கு மாறச் சொல்லி அவகாசம் கொடுத்தார்கள், ஃபீட் முகவரிகளைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு அதுவும் தேவைப்படவில்லை. எந்த ஆப்பாக இருந்தாலும் சந்தா பட்டியலை 'ஓபிஎம்எல்' ஃபைலாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஸ்கிரிப்டும் அதிலிருந்தே ஃபீடுகளைப் படிக்கலாம்.

எத்தனை மணிக்கு ஓட வேண்டும்? வீட்டில் வைஃபை இருந்தால் நீங்கள் தூங்கும் எந்த நேரமும் சரி. பிஜியில் மொபைல் டேட்டாவை மட்டும் நம்பியிருப்பவர்கள் கொஞ்சம் கணக்குப் போடலாம். நாளைக்கு ஒன்றரை ஜிபி பிளானில் அன்றைய மிச்சம் அடுத்த நாளுக்குச் சேராது. ராத்திரி 11:20 வாக்கில், அன்றைக்கு மிஞ்சியதில் 200 எம்பி வரை மட்டும் இறக்கு என்று வரம்பு வைத்து ஓட விட்டால், எப்படியும் வீணாகப் போகும் டேட்டாவில் மறுநாள் ரயிலுக்கு மூன்று எபிசோடு கிடைக்கும்.

ஷோ நின்றுபோனால் ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது, வருடக்கணக்கில் காலி ஃபீடைத் தட்டிக்கொண்டே இருக்கும். சில தயாரிப்பாளர்கள் ஃபீடில் 'முடிந்தது' என்று ஒரு குறி போடுவார்கள், அதைப் பார்த்தால் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லலாம். சர்வர் 301 என்றால் ஃபீட் வீடு மாறியிருக்கிறது, புது முகவரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். 410 என்றால் நிரந்தரமாக மூடிவிட்டார்கள். அந்த வரியை அழித்துவிடலாம்.